உங்கள் கையிலிருப்பது கிரயப்பத்திரமா?



2025 ஜூன் 1-ஆம் தேதி, டில்லி ஜங்புராவிலிருந்த மதராசி கேம்ப் நீதிமன்ற உத்தரவின்படி இடித்து அகற்றப்பட்டது. பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்த ஏறக்குறைய 370 குடும்பங்களில் 189 குடும்பங்களே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று முடிவாயிற்று. ஓரிடத்தில் நெடுங்காலம் குடியிருப்பது வேறு. அவ்விடம் நமக்கு உரிமையாவது வேறு.

"நாங்கள் பணம் கொடுத்தல்லவா வாங்கினோம்" என்று மற்றக் காலனிகளில் வாழும் நீங்கள் சொல்லலாம். நல்லது. ஆனால் பெட்டியிலுள்ள காகிதங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரு பவர் பத்திரம், ஒரு விற்பனை ஒப்பந்தம், ஓர் உயில், பணம் பெற்ற ரசீது: இவை மட்டும்தானா இருக்கின்றன?

அப்படியானால் கவனியுங்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டையோ நிலத்தையோ பதிவு செய்யப்பட்ட கிரயப்பத்திரத்தினாலேயே விற்க முடியும். பவர் பத்திரமும் ஒப்பந்தமும் உயிலும் உரிமையை மாற்றித் தரமாட்டா என்று 2011 அக்டோபர் 11-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. காரணம் எளிது. பவர் கொடுத்தவர் மரித்தால், பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு முடிந்துபோகும். உயிலையோ, எழுதியவர் தம் ஆயுட்காலத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவருடைய பிள்ளைகள் வந்து உங்கள் வாசலில் நின்றால் என்ன செய்வீர்கள்?

அங்கீகாரமற்ற காலனிகளில் வாங்கியவர்கள் கலங்க வேண்டாம். டில்லியின் 1,731 காலனிகளை முன்னிட்டு 2019-இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது. பிரதமர் உதய் திட்டம் என்று வழங்கும் ஏற்பாடு இதுவே. அதன்படி, மேற்சொன்ன பழைய காகிதங்களையும் பணம் செலுத்திய சான்றையும் சொத்து உங்கள் வசமிருப்பதையும் காட்டி, உரிய கட்டணம் செலுத்தி, உரிமைப் பத்திரம் பெற வழி உண்டு. எனவே பழைய காகிதம் ஒன்றையும் எறிந்துவிடாதீர்கள். யமுனை வெள்ளப்பகுதி, காப்புக்காடு போன்ற இடங்களுக்கு இச்சலுகை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சொல். பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். பதிவு என்பது பத்திரத்தைப் பதிவதே. விற்பவருக்கு உரிமை உண்டு என்பதற்கு அது உத்தரவாதமல்ல. 2025 நவம்பரில் பீகார் வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் இதை மீண்டும் சுட்டிக்காட்டியது. ஆகவே முந்தைய பத்திரங்களை வரிசையாக வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே முன்பணம் கொடுங்கள். டில்லியில் பெண்கள் பெயரில் வாங்கினால் முத்திரைத் தீர்வை குறைவு. மனைவியின் பெயரில் வாங்குவதைக் குறித்தும் யோசியுங்கள்.

"விற்கிறவர் நம் சபைச் சகோதரர்தானே, பத்திரம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்கியது தன் சொந்த உறவினனிடம்தான். ஆயினும் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்து, கிரயப்பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். பத்திரம் கேட்பது அவிசுவாசமல்ல. அது சகோதர சிநேகத்தையும் காக்கும்.

பிரியமானவர்களே, இந்த மாதமே உங்கள் காகிதங்களைச் சரிபாருங்கள். அவை எங்கே இருக்கின்றன என்பதை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வியர்வை சிந்திக் கட்டிய வீடு வழக்காக அல்ல, வீடாகவே அவர்களுக்குச் சேரட்டும்.