செம்புக் குடத்துத் தண்ணீர்: எங்கள் நிலைப்பாடு

கோலார் தங்க வயலில் செம்புக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துக் குடிப்பது பழைய வழக்கம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களின் லைன் வீடுகளில் செம்பும் பித்தளையும் இருந்தன. பெண்ணுக்குச் சீராக இன்றும் கொடுக்கிறோம். இப்போது அதே வழக்கத்தின் மேல் வேறு பேச்சு ஏறியிருக்கிறது. செம்பு பாட்டிலில் குடித்தால் சர்க்கரை இறங்கும், தைராய்டு சரியாகும், உடம்பு இளைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "குடத்துல ஊத்தி வெச்சா போர் தண்ணி சுத்தமாயிடுமா?" என்று எங்கள் சங்கத்திடம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

செம்புக் குடத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. கிருமியைக் குறைக்க அது உதவும் என்பதை ஏற்கிறோம். ஆனால் இந்த மண்ணின் நிலத்தடி நீரில் உள்ள பெரிய கேடு ஃப்ளோரைடு. கூடவே உப்பும் கடினத்தன்மையும். இவற்றில் எதையும் செம்பு எடுக்காது. குடத்தை நம்பித் தண்ணீர்ப் பரிசோதனையைக் கேட்காமல் விடுவது நம் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் பணயம் வைப்பதாகும்.

கிருமி விஷயத்தில் ஆதாரம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரின் எஃப்.ஆர்.எல்.எச்.டி. அமைப்பைச் சேர்ந்த ஆயுர்வேத ஆய்வு நிறுவனத்தில் பத்மா வெங்கடசுப்ரமணியன் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. காலரா, டைபாய்டு, சீதபேதி போன்றவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தண்ணீரில் கலந்து, செம்புப் பானையில் 16 மணி நேரம் சாதாரண வெப்பத்தில் வைத்தார்கள். பிறகு சோதித்தபோது அவற்றில் ஒன்றையும் உயிரோடு எடுக்க முடியவில்லை. பானையின் சுவரிலிருந்து நுண்ணிய அளவில் கரையும் செம்பு, கிருமியின் மேலுறையைச் சிதைத்துவிடுகிறது. தண்ணீரில் சேர்ந்த செம்பு லிட்டருக்குச் சுமார் 0.18 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 2 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் 0.05 வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆரோக்கியமான பெரியவர்கள் அஞ்ச வேண்டிய அளவு இதில் இல்லை.

ஆனால் ஆய்வில் வைத்தது 16 மணி நேரம். காலையில் ஊற்றி மதியம் குடிப்பவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது. சோதித்ததும் பாக்டீரியாவைத்தான். மஞ்சள் காமாலை தண்ணீர் வழியே வரும்போது அதற்குக் காரணம் வைரஸ். ஆகவே ஊரில் காமாலையோ வாந்திபேதியோ பரவினால் குடத்தை நம்பி இருக்காமல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே குடிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

இன்னொன்றை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். போர் தண்ணீர் ஊற்றி வைத்த செம்புக் குடத்துக்குள் கையை விட்டுத் தடவினால் அடியிலும் கழுத்தோரத்திலும் வெள்ளையாகச் சொரசொரவென்று தட்டுப்படும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்பட்டது அது. அந்தப் படிவு கனக்கக் கனக்கத் தண்ணீர் செம்பைத் தொடுவது குறைகிறது. வெளியே பளபளவென்று துலக்கி, உள்ளே வெள்ளை படிய விட்ட குடத்தால் பயனில்லை. புளியும் உப்பும் போட்டு உட்புறத்தைத்தான் முதலில் தேய்க்க வேண்டும். பச்சைக் களிம்பு கண்டால் முழுவதும் போகத் தேய்த்து, புளிப்பு மிச்சமில்லாமல் பல தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

இனி ஃப்ளோரைடு. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஆயிரம் அடிக்கும் கீழே துளைத்து எடுக்கும் நீரில், பாறையிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே மேல் வரம்பு. அதைத் தாண்டிய நீரை வருடக்கணக்கில் குடித்த குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறுகிறது. இன்னும் மிகுந்தால் மூட்டும் முதுகும் இறுகிப்போகின்றன. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. போன்ற முறைகளே அதைப் பிரித்தெடுக்கும். இதை மறைத்துவிட்டு, செம்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் என்று சொல்பவர்கள் இந்த ஊருக்குத் தீங்கு செய்கிறார்கள்.

சுரங்கம் ஓடிய காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நம் ஊருக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று எத்தனையோ தெருக்கள் போரையும் டேங்கரையும் கேனையும் நம்பி நிற்கின்றன. போதாததற்கு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பொன் பிரித்த பின் கொட்டிய மண், சயனைடு மலைகளாக ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. அவற்றின் அடிவாரத்து நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல முடியும். குடத்துத் தண்ணீரின் ருசியை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாதவை உண்டு. எலுமிச்சைச் சாறு, மோர், ரசம், புளிக்கரைசல் எதுவும் ஈயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ ஒரு பொழுது கூட இருக்கக் கூடாது. புளிப்பு பட்டால் செம்பு மளமளவென்று கரையும். குமட்டலும் வயிற்றுவலியும் வரும். கைக்குழந்தைக்கான பாலை இவற்றில் காய்ச்சவே வேண்டாம். இந்தியக் குழந்தைகளை வாட்டிய ஒருவகை ஈரல் சுருக்க நோய்க்கும், பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலுக்கும் உள்ள தொடர்பைப் புனேயில் 1980களில் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பாத்திரத்தை மாற்றிய பின் அந்த நோய் அரிதாகிவிட்டது. உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்களும் செம்புக் குடத்துத் தண்ணீரைத் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை, தைராய்டு, உடல் பருமன் எதையும் இந்தத் தண்ணீர் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் செம்புத் தண்ணீர் குடிப்பவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், தயவுசெய்து அவரைக் கையோடு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எங்கள் சங்கம் எந்தச் செம்பு பாட்டிலையும் பரிந்துரைக்காது. எங்கள் கூட்டங்களில் அவற்றை விற்கவும் இடம் தராது.

நகரசபையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் நாங்கள் கேட்பது இது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம், கோரமண்டல் பகுதிகளில் குடிக்கத் தரும் ஒவ்வொரு போர் நீரையும் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் சோதியுங்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கிருமி ஆகியவற்றோடு, சயனைடு மலைகளுக்கு அருகே ஆர்செனிக்கும் சயனைடும் பார்க்கப்பட வேண்டும். முடிவைக் கோப்பில் வைத்துப் பூட்டாமல், தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில், தேதியோடு எழுதிப் போடுங்கள். காசு போட்டுக் கேன் பிடிக்கும் ஆர்.ஓ. நிலையங்களிலும் சவ்வு மாற்றிய தேதி வெளியே தெரிய வேண்டும். ஃப்ளோரைடு வரம்பைத் தாண்டிய இடங்களில் மாற்று நீர் வரும்வரை அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் முதலில் நல்ல தண்ணீர் போய்ச் சேரட்டும்.