14 மாசக் கணக்கை வெச்சு 10 வருஷ மாத்திரையா?

ஏ.டி.எச்.டி. மாத்திரை பற்றிப் பேச்சு வந்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். "ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சு, கண்ணை மூடிக்கிட்டு குடுங்க" என்று ஒன்று. "பச்சைப் பிள்ளைக்குப் போதை மருந்தா?" என்று இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், ரெண்டு பேரும் தூக்கிப் பிடிப்பது ஒரே ஆய்வைத்தான்.

அமெரிக்காவில் நடந்த எம்.டி.ஏ. ஆய்வு அது. 7 முதல் 9 வயதுள்ள 579 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல நாலு பிரிவாக்கி, 14 மாதம் பார்த்தார்கள். 1999-ல் வந்த முடிவு: மாதாமாதம் கவனித்து, அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரை, நடத்தைப் பயிற்சியைவிட அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. (வழக்கமான டாக்டர்களிடம் விடப்பட்ட பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் மாத்திரைதான் சாப்பிட்டார்கள். ஆனாலும் பலன் குறைவு. இதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்!) 2007-ல் மூன்றாம் ஆண்டுக் கணக்கு வந்தது. நாலு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை.

"பார்த்தீங்களா, மாத்திரை வேஸ்ட்" என்று குதிப்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள். 14 மாதத்துக்கு அப்புறம் யார் என்ன சாப்பிடுவது என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்தது. சிலர் நிறுத்தினார்கள், சிலர் புதிதாக ஆரம்பித்தார்கள். எல்லாம் கலந்த பிறகு வந்த கணக்கை வைத்து மாத்திரையைத் தூக்கில் போட முடியாது.

ஆனால் என் கோபம் முதல் கோஷ்டி மேல்தான் அதிகம். பத்து வருஷம் கொடுக்கச் சொல்பவர்தானே ஆதாரம் காட்ட வேண்டும்? அதே எம்.டி.ஏ. குழந்தைகள் பெரியவர்களான பிறகு, 2017-ல் வந்த கட்டுரையைப் பாருங்கள். தொடர்ந்தோ விட்டு விட்டோ மாத்திரை சாப்பிட்டவர்கள், ஏறக்குறைய சாப்பிடாதவர்களைவிட சுமார் 2.5 செ.மீ. குள்ளம். பெரிய விஷயமா என்றால், பலன் இருந்தால் இல்லை. பலன் இன்னும் இருக்கிறதா என்றே பார்க்காவிட்டால்?

பார்க்க முடியும். நெதர்லாந்தில் பார்த்தார்கள், 2019-ல் முடிவு வெளியானது. ரெண்டு வருஷத்துக்கு மேல் மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்டு வந்த 94 பேர். ஒரு பாதிக்கு மாத்திரை தொடர்ந்தது, மறுபாதிக்குப் படிப்படியாகக் குறைத்து டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று தெரியாது. ஏழு வாரத்தில் நிறுத்தியவர்களில் 40 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமானது, தொடர்ந்தவர்களில் 16 சதவீதம். ஆக சிலருக்கு இன்னும் வேண்டும்தான். ஆனால் நிறுத்தியவர்களில் பாதிக்கு மேல் மோசமாகவில்லையே, அவர்கள் எதற்காகத் தினமும் விழுங்கிக் கொண்டிருந்தார்கள்?

வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபரிசீலனை செய்யுங்கள் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-லேயே எழுதி வைத்திருக்கிறது. பெற்றோர் தாங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த வருஷம் எப்போ நிறுத்திப் பார்க்கலாம்?" அதுவும் லீவில் வேண்டாம், ஸ்கூல் நடக்கும்போது, டீச்சரும் கவனிக்கிற மாதிரி.