சாப்பிட்ட கையோடு காபி வேண்டாமே!

"மாடி ஏறினாலே மூச்சு வாங்குது" என்று வீட்டம்மா சொன்னால், "வயசாச்சுல்ல" என்று பேப்பரைப் புரட்டாதீர்கள். ரத்தசோகையாக இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு அது இருந்தது. முக்கியக் காரணம், இரும்புச்சத்துக் குறைவு.

கீரை சமைத்தால் மட்டும் போதாது. சாப்பிட்டதும் குடிக்கிற காபி, டீ, அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையைக் காபியோடு விழுங்கினாலும் இதே கதைதான். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரை, பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால், வைட்டமின் 'சி' இரும்பை உடம்பில் சேர்க்கும்.

எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் அவருக்கு என்றால் இதெல்லாம் வீண். கீரையில் முதல் பங்கு அவருக்கே! ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அசதி பெண்களின் தலையெழுத்து அல்ல.