அன்டாலியாவுக்கு ஒரு பகல் போதாது



எங்கள் ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் துருக்கி பெக்கேஜ் விளம்பரங்கள் திரும்பவும் சுற்றத் தொடங்கிவிட்டன. உம்ராவோடு சேர்த்து ஒன்று, தனியாகப் பத்து நாளுக்கு ஒன்று, புதுச் சோடிகளுக்கென்று ஒன்று. ஆறேழு விளம்பரங்களை வாசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இஸ்தான்புல்லுக்கு நாலு நாள், பலூன் பறக்கும் கப்படோக்கியாவுக்கு இரண்டு நாள், மத்தியதரைக் கடலோரம் இருக்கிற அன்டாலியாவுக்கு ஒரு பகல். அந்த ஒரு பகலிலும் பாதி தோல் ஜாக்கெட் கடைக்கும் நகைக் கடைக்கும் போய்விடும்.

இஸ்தான்புல்லில் ஒரு நாளைக் குறையுங்கள், ஷொப்பிங்கை முழுதாக வெட்டுங்கள், அந்தக் கரைக்கு மூன்று நாளாவது கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த வருடம் நானும் இப்படி ஒரு குறூப்போடுதான் போனேன். ஏஜென்சியின் பெயர் வேண்டாம். தோல் கடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். மொடல்கள் போட்டு நடந்து காட்டினார்கள், அப்பிள் தேநீர் தந்தார்கள், எங்கள் ஆக்களில் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. வருடம் முழுக்க முப்பது பாகை வெயிலில் இருக்கிறவன் ஆட்டுத்தோல் ஜாக்கெட்டை வைத்து என்ன செய்வது? அதற்குப் பிறகு, டூடன் ஆறு நாற்பது மீற்றர் உயரப் பாறை விளிம்பிலிருந்து நேரே கடலுக்குள் விழுகிற இடத்தில் இருபது நிமிடம் தந்தார்கள். குறூப் ஊருக்குத் திரும்ப, முன்பே பேசிக்கொண்டபடி நானும் இரண்டு நண்பர்களும் பின்தங்கி, ஒரு காரை வாடகைக்கு எடுத்து நாலு நாள் அந்தக் கரையோரம் திரிந்தோம்.

வந்து கதை சொன்னபோது பலர் கேட்டது ஒரே கேள்வி. "உடைஞ்ச கல்லப் பார்க்கவா சேர் இவ்வளவு காசு குடுத்துப் போறது? அதுவும் சிலை வணங்கினவங்கட ஊர்." பூமியில் பயணம் செய்து முன்னிருந்தவர்களின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது என்பதை ஆலிம்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். அங்கே எங்களுக்கு முன் போன முஸ்லிம்கள் அந்தக் கற்களை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

அன்டாலியாவுக்குக் கிழக்கே சுமார் 45 கிலோமீற்றரில் அஸ்பெண்டொஸ். கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில், மார்க்கஸ் ஒரேலியஸ் பேரரசனாக இருந்த காலத்தில், ஸீனோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய அரங்கம் அங்கே கிட்டத்தட்ட முழுசாக நிற்கிறது. ரோம அரங்கங்கள் பலவற்றில் ஆசனப் படிகள் மிஞ்சியிருக்கும், மேடைக்குப் பின்னால் உள்ள உயர்ந்த சுவர் விழுந்துபோயிருக்கும். இங்கே அந்தச் சுவரும் முழு உயரத்துக்கு நிற்கிறது. அதற்கு ஒரு முக்கிய காரணம் செல்ஜூக்குகள். 13ஆம் நூற்றாண்டில் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் இதை இடிக்கவில்லை. திருத்தினார், ஓடுகள் பதித்தார், தன் மாளிகையாகப் பயன்படுத்தினார். செல்ஜூக் காலத்துச் சிவப்புச் சாயக் கோடுகளை மேடைச் சுவரில் இன்றும் காணலாம். எங்கள் நண்பர் ஒருவர் கீழே நின்று மெதுவாக பிஸ்மி சொன்னார். மேல் படியில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அதே சுல்தானின் கைவேலையை இன்னும் கிழக்கே அலன்யாவில் பார்க்கலாம். 1226இல் கட்டிய எட்டுப்பட்டைச் செங்கோபுரத்தை அமைத்தவர் ஹலபிலிருந்து வந்த அபூ அலி. பக்கத்திலேயே ஐந்து வளைவுகளோடு ஒரு கப்பல் கட்டும் தளம். வளைவுகளுக்குள் கடல் தண்ணீர் வந்து போகிறது, வாசலோரம் ஒரு சின்னப் பள்ளிவாசல். எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்கும் இப்னு பதூதா, 1330களின் தொடக்கத்தில் சிரியாவின் லாதக்கியாவிலிருந்து ஜெனோவாக்காரரின் கப்பலில் ஏறி வந்து இறங்கியது இந்த அலன்யாவில்தான். அவர் 1344இல் எங்கள் புத்தளத்துக்கு வந்ததும் பாவா ஆதம் மலைக்கு ஏறியதும் எல்லாருக்கும் தெரியும். அன்டாலியாவில் அவருக்கு நடந்தது பலருக்குத் தெரியாது. பழைய உடுப்பும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் வந்து விருந்துக்குக் கூப்பிட்டார். இந்த ஏழை எங்களுக்கு எப்படிச் சாப்பாடு போடுவான் என்று இப்னு பதூதா யோசித்தார். வந்தவர் ஒரு செருப்புத் தைப்பவர், ஆனால் கிட்டத்தட்ட இருநூறு தொழிலாளிகளைக் கொண்ட அஹீ சகோதரத்துவத்தின் தலைவர்களில் ஒருவர். அந்த ஆக்கள் பகலில் உழைப்பதை இரவில் விருந்தினருக்குச் செலவழிப்பார்களாம். அந்தப் பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களில் நடக்கலாம், யிவ்லி மினாரா என்கிற 13ஆம் நூற்றாண்டு மினாராவின் அடியில் நிற்கலாம். பெக்கேஜில் அதற்கு ஒரு மணித்தியாலம் கூட இல்லை.

என் மனதில் அதிகம் நிற்பது மேற்குப் பக்கத்துப் பட்டாரா. அன்டாலியாவிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல், வளைந்து வளைந்து போகும் பாதை, வாந்தி வருகிறவர்கள் குளிசை எடுத்துக்கொள்ளுங்கள். லிசியா என்ற பழைய தேசத்தின் துறைமுக நகரம் இது. லிசியாவின் 23 நகரங்கள் சேர்ந்து ஒரு கூட்டாட்சி வைத்திருந்தன என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். பெரிய நகரத்துக்கு மூன்று வாக்கு, நடுத்தரத்துக்கு இரண்டு, சின்னதுக்கு ஒன்று. வரியும் அதே அளவில்தான். இந்த முறையை மொன்டெஸ்கியூ புகழ்ந்தார், அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றி 1787, 1788இல் வாதாடியவர்களும் உதாரணமாக எடுத்தார்கள். கூட்டம் கூடிய மண்டபம் மணலுக்கு அடியில் கிடந்தது. தோண்டி எடுத்து, துருக்கிப் பாராளுமன்றத்தின் பணத்தில் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். அரைவட்டக் கற்படிகளில் போய் உட்காரலாம். ஒரு ஊர்ச்சபைத் தீர்மானத்துக்கே சண்டை பிடிக்கிற நாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் என்று நண்பரிடம் சொன்னேன், அவர் சிரித்தார். அவர் முன்னாள் உறுப்பினர்.

துறைமுகம் என்றேன், ஆனால் போய்ப் பார்த்தால் கப்பல் வர ஒரு வழியும் இல்லை. நாணலும் சேறுமாக ஒரு சதுப்பு. ஆறு கொண்டுவந்த வண்டலும் காற்று தள்ளிய மணலும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து வாயை அடைத்துவிட்டன. கப்பல் நின்றது, வியாபாரம் நின்றது, ஊர் வெறுமையானது. நீரோ காலத்தில் கட்டிய வெளிச்சவீடு இருந்த இடம் இப்போது கடலைவிட்டுத் தள்ளி மணலுக்குள் இருக்கிறது. அந்த மணல்தான் இன்று பன்னிரண்டு கிலோமீற்றருக்கும் கூடுதலான கடற்கரை. கோடையில் பெருந்தலைக் கடலாமைகள் வந்து முட்டையிடுகின்றன. எங்கள் நாட்டுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளில் அதுவும் ஒன்று.

இவ்வளவு நீளமான மணலில் ஒரு ஹோட்டல் இல்லை. தொல்லியல் இடம் என்பதாலும், 1990இல் விசேட சுற்றாடல் பாதுகாப்பு வலயமாக அறிவித்ததாலும் கட்ட விடவில்லை. ஆமைக் காலத்தில் இரவில் கரைக்குள் போகவும் விடமாட்டார்கள். முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு, வெளிச்சம் கூடிய பக்கம் பார்த்துத்தான் ஓடும். இயற்கையான இரவில் அது கடல் பக்கம். பின்னால் ஹோட்டல் லைட் எரிந்தால் தரைப் பக்கம் ஓடிச் செத்துப்போகும். அன்டாலியா நகரத்துக்குக் கிழக்கே லாரா, பெலெக் பக்கம் கரையோரம் ஹோட்டல்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் பாருங்கள் என்பதுதான் நான் மூன்று நாள் கேட்பதற்குப் பெரிய காரணம்.

தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடுமோ என்று பயப்படுகிற நாட்டில் இருந்து கொண்டு இதை எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியும். பட்டாராவை ஒட்டிய கெலெமிஷ் கிராமத்து மக்களும் நினைத்தபடி ஒரு அறையைக் கூட்டிக் கட்ட முடியாது. எங்களுக்குத் தங்க இடம் தந்தவர் அதைப் பற்றி நிறையக் குறை சொன்னார். அதே மனிதரின் வருமானம் ஹோட்டல்காரர் வராததால் வருகிறது. சின்னச் சின்னத் தங்குமிடங்கள், வீட்டுச் சாப்பாடு, எல்லாம் கிராமத்தாரின் கையில். சட்டம் யாருக்காகப் போடப்படுகிறது, யார் கையால் நடத்தப்படுகிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது. எல்லாம் நிம்மதியாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டேன். இதே கரையில் மூன்று பழைய துறைமுகங்களோடு இருக்கும் பசேலிஸ் பக்கம் கடற்கரை வசதிகள் கட்டப் போனதற்குச் சில வருடங்களுக்கு முன் உள்ளூர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ச்சிராலி கிராமத்துக்கு மேலே யனார்தாஷ் என்ற மலைச்சரிவில், பாறை வெடிப்புகளிலிருந்து வாயு கசிந்து ஆயிரக்கணக்கான வருடமாக நெருப்பு எரிகிறது. நெருப்பு கக்கும் கிமேரா என்ற மிருகத்தின் கதையை இந்த இடத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், மெதேன் பற்றி ஒரு பாடமே எடுக்கலாம். இருட்டுப்படும்போது ஏறுவது நல்லது, டோர்ச் வேண்டும். கெகோவாவில் பூகம்பத்தால் கடலுக்குள் இறங்கிய ஊரின் படிக்கட்டுகளைப் படகிலிருந்து பார்க்கலாம். அந்த இடத்தில் நீந்தத் தடை. டெம்ரேயில் பாறையில் குடைந்த கல்லறைகள் உண்டு, வெயிலில் நாங்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று தாத்தாமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஹோட்டல் கரைகள் எங்கள் குடும்பங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். பட்டாராவில் வாசலிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அக்கம்பக்கத்தில் ஆளே இருக்காது. உடலை முழுதாக மூடிய நீச்சல் உடுப்போடு இறங்கும் துருக்கிக் குடும்பங்களையும் கண்டோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலில் அலையும் இழுப்பும் இருக்கும் நாளில் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஞாபகத்துக்கென்று ஒரு கல்லையும் பையில் போடாதீர்கள், சின்ன ஓட்டுத் துண்டாக இருந்தாலும். துருக்கிச் சட்டத்தில் அது தொல்பொருள் கடத்தல், எயார்போட்டில் பிடித்தால் சிறை வரை போகும். பெயர் செதுக்குகிற பழக்கத்தையும் சிகிரியாவோடு விட்டுவிட்டுப் போங்கள். எங்கள் குறூப்பில் ஒரு தம்பி அஸ்பெண்டொஸ் மேடைச் சுவரில் திறப்பால் கிறுக்கப் போனான், அவனுடைய வாப்பாவே கையைப் பிடித்து நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ்.

ஏஜென்டிடம் பேசும்போது காசு கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: அன்டாலியாவில் எத்தனை இரவு, எந்தெந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் விலைக்குள் சேர்ந்திருக்கிறது, கடைகளில் எத்தனை மணித்தியாலம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் யூரோக் கணக்கில், உள்ளூர்க்காரரைவிடக் கூட, எங்கள் சிகிரியாவில் வெள்ளைக்காரரிடம் எடுப்பது போல. பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே அட்டை எடுக்கலாம், அதையும் விசாரியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்தக் கற்களுக்கு மேல் நடக்கவே முடியாது, ஏப்ரல் லீவு நல்லது, ஆனால் ஆமைக் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். செருப்போடு போகாதீர்கள், பிடிப்புள்ள சப்பாத்து போடுங்கள், ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். பட்டாராவில் பின்நேரம் காற்று கூடி மணல் முகத்தில் அடிக்கும். லுஹருக்கு முன்பே இடிபாடுகளைப் பார்த்து முடித்துவிட்டு, அசருக்குப் பிறகு கரைக்கு இறங்குங்கள்.