திரைச்சீலைக்கும் எடை உண்டு

கால் கிலோ உளுத்தம்பருப்பைக்கூடத் தராசில் வைக்காமல் நாம் கொடுப்பதில்லை. ஆனால் அதே கடையில், அதே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, எட்டுக் கிலோ திரைச்சீலையைத் தாங்க வேண்டிய கர்ட்டன் ராடை "எத்தனை அடி வேணும்?" என்ற ஒரே கேள்வியோடு வெட்டிக் கொடுத்துவிடுகிறோம். இது சரியில்லை என்பதை உறுப்பினர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

மளிகைக் கடையில் கர்ட்டன் ராடுக்கு என்ன வேலை என்று பெருநகர உறுப்பினர்கள் கேட்கலாம். சிற்றூர்களில் வாளி, கயிறு, ஆணி, பல்பு எல்லாம் மளிகையோடு சேர்ந்தே விற்பவை. அந்த வரிசையில் ராடும் பிராக்கெட்டும் வந்து பல வருஷம் ஆகிறது. முன்பு சிக்கல் இல்லை. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒரு பூப்போட்ட வாயில் துணி, அதற்கு இரண்டு கொக்கி, ஒரு ஸ்பிரிங் கம்பி. அவ்வளவுதான் வியாபாரம். இப்போது ஏ.சி. அறைக்கு லைனிங் வைத்த கனத்த திரை, ஹாலுக்கு வெல்வெட், தரையைத் தொடும் நீளம் என்று ஆகிவிட்டது. திரை மாறிவிட்டது, நாம் விற்கும் கம்பி மாறவில்லை.

எங்கள் கடையில் நடந்ததையே எழுதுகிறோம். புதுவீடு கட்டிய ஒரு அம்மா எட்டடி ஜன்னலுக்கு ராடு கேட்டு வந்தார். முக்கால் இன்ச், 22 கேஜ், பளபளவென்று இருந்தது. ஒரு ராடு, இரண்டு பிராக்கெட், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ கொடுத்தோம். கிரகப்பிரவேசத்துக்குத் தைத்து வந்தது வெல்வெட் திரை. மாட்டிய அன்றே ராடு நடுவில் இரண்டு அங்குலம் தொங்கியது. பதினைந்து நாளில் ஒரு பக்கத்துப் பிராக்கெட் சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. வளைந்த ராடைக் கடைக்கே கொண்டுவந்து போட்டுவிட்டு அந்த அம்மா சண்டை போடவில்லை. "அண்ணாச்சி, என்ன துணின்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கேட்டிருந்தால் கணக்குப் பெரிதில்லை. திரைக்கு மடிப்பு விழ ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி வைப்பார்கள். எட்டடி ஜன்னலுக்குப் பதினாறு அடி அகலம், எட்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 12 சதுர மீட்டர். துணிக்கடையில் ஜி.எஸ்.எம். என்று சொல்வது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதைத்தான். 150 கிராம் பருத்தித் துணி என்றால் மொத்தம் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். 400 கிராம் வெல்வெட்டும் 200 கிராம் லைனிங்கும் சேர்ந்தால் ஏழு கிலோவைத் தாண்டும். மடித்துத் தைத்த கரை, வளையம் எல்லாம் சேர எட்டுக் கிலோ. கணக்கு வேண்டாம் என்பவர்கள், தைத்த திரையைக் கொண்டுவரச் சொல்லித் தராசில் வைத்துப் பார்க்கலாம். தராசு இல்லாத கடை நம்மிடம் ஏது?

அதே தராசு இன்னொன்றுக்கும் உதவும். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது தெரிந்ததே. 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் சுமார் 0.7. மொத்தக் கடையில் 18 என்று சொல்லி வருவது எல்லாம் 18 அல்ல. ஒரு இன்ச் ஸ்டீல் பைப், பத்தடி நீளம், உண்மையான 18 கேஜாக இருந்தால் இரண்டேகால் கிலோவை ஒட்டி நிற்கும். 22 கேஜ் என்றால் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். எடை போட்டால் தெரிந்துவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பதை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். முலாம் பூசிய இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். ஆனால் 202, 304 இரண்டுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, துருப்பிடிப்பதில்தான் வித்தியாசம் தெரியும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர் உறுப்பினர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கனத்த திரைக்கு முக்கால் இன்ச் வேண்டாம், ஒரு இன்ச் கொடுங்கள் என்பது நம் கருத்து. அதே தகட்டுக் கனத்தில் முக்கால் இன்ச் ஒரு இன்ச்சானால் வளையாமல் நிற்கும் உறுதி இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. அதைவிடப் பெரிய பலன் நடுப் பிராக்கெட்டில் இருக்கிறது. எட்டடி ராடுக்கு நடுவில் ஒரு தாங்கு கொடுத்துவிட்டால் தொங்கல் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒரு பிராக்கெட் விலையில் இவ்வளவு லாபம் வேறு எதில் உண்டு? திரை நடுவில் சிக்கும் என்று வாடிக்கையாளர் மறுப்பார். இரண்டு பக்கமும் ஒதுக்கும் ஜோடித் திரைக்கு எந்தச் சிக்கலும் இல்லை, அந்தந்தப் பாதி அந்தந்தப் பக்கமே நிற்கும். ஒரே திரையாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுக்க வேண்டும் என்றால் ராடை விட்டுவிட்டு, அடிக்கொரு ஸ்க்ரூ போட்டு மாட்டும் அலுமினிய டிராக்கைக் காட்டுவதுதான் முறை.

இத்தனையும் செய்து சுவரில் கோட்டை விட்டால் பயனில்லை. எங்கள் வாடிக்கையாளர் வீட்டில் விழுந்தது ராடு அல்ல, ஸ்க்ரூ. உட்புறச் சுவர்ப் பூச்சே அரை அங்குலம் இருக்கும். ஒரு இன்ச் ஸ்க்ரூ பூச்சிலேயே பாதி தங்கிவிடுகிறது. கனத் திரைக்கு இரண்டு இன்ச் ஸ்க்ரூ, செங்கல் அல்லது லிண்டல் கான்கிரீட்டுக்குள் போய் உட்காரும் பிளக், அதற்குச் சரியான துளை ஆகிய மூன்றும் வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 8 அல்லது 10 நம்பர் ஸ்க்ரூ பொருந்தும். ஏ.ஏ.சி. பிளாக் சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று உள்ள நீள நைலான் பிளக்கை வாங்கி வையுங்கள். ஜிப்சம் சீலிங்கில் நேரடியாக மாட்டப் போகிறேன் என்பவரைத் தடுத்து நிறுத்துவது நம் கடமை. பிராக்கெட் சுவரைவிட்டு எவ்வளவு நீண்டு நிற்கிறதோ அவ்வளவுக்கு மேல் ஸ்க்ரூவைப் பிடுங்கும். எனவே அலங்காரத்துக்காக நீண்ட பிராக்கெட்டைத் தள்ளிவிட வேண்டாம்.

"இத்தனை கேள்வி கேட்டால் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்" என்று சங்கக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னார். சிலர் போவார்கள்தான், மறுக்கவில்லை. விலை வித்தியாசமும் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் ஆன்லைனில் இன்னும் மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு நம் கடை வாசலை ஒருவர் மிதிக்கிறார் என்றால், கேட்டுச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்காகத்தான். அதையும் கைவிட்டால் பிறகு அவர் எதற்காக வர வேண்டும்?

சட்டமும் நமக்குச் சாதகமாக இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பழுதான பொருளால் ஒருவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டு, அதைத் தயாரித்தவர் யார் என்று தெரியவில்லை என்றால், விற்றவர் மீதே பொறுப்பு வரலாம். தயாரிப்பாளர் உத்தரவாதம் தராதபோது "பத்து வருஷம் தாங்கும், நான் கியாரண்டி" என்று நாமாகச் சொல்வதும் நம் தலையில்தான் வந்து விடியும். பெயரில்லாத பைப்பைக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்குகிற நம்மில் எத்தனை பேரிடம் தயாரிப்பாளர் பெயர் போட்ட பில் இருக்கிறது?

ஆகவே மொத்த வியாபாரிகளான உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். பைப் பில்லில் கேஜ், 202 அல்லது 304 என்ற தரம், தயாரித்தவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எழுதிய கேஜுக்கு எடை குறைந்தால் கட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இதை அடுத்த செயற்குழுவில் தீர்மானமாக வைக்க இருக்கிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்பே சங்க அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தால், அதையும் சேர்த்தே விவாதிக்கலாம்.