பட்டாளத்து முத்திரை

அமெரிக்காவில் மகன் வீட்டில் நான் தங்கியிருந்த நாட்களில், ஓய்வுபெற்ற அண்டை வீட்டுக்காரர் ஒருவர், துப்பாக்கிச் சந்தையில் வாங்கி வந்த பழைய ஸ்பிரிங்பீல்டு ரைபிளுக்குக் குலதெய்வத்துக்குச் செய்வதுபோல் தைலாபிஷேகம் செய்துகொண்டிருந்தார். சுடுவதற்கு முன் துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டலாமே என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட, பட்டாளமே வைத்திருந்த சாமானைச் சோதிக்க அவன் யார் என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதை விட்டு அகலவில்லை.

பட்டாளம் வைத்திருந்தது பழுதாகாது என்னும் சித்தாந்தத்தை எந்த மகரிஷி உபதேசித்தாரோ அறியேன். அவர் மடியில் கிடந்த ஸ்பிரிங்பீல்டின் சரித்திரத்தை மாத்திரம் சற்று அறிவேன். தோட்டா வெடிக்கும் வேகத்தைத் தாங்க வேண்டிய ரிசீவர் என்னும் எஃகுப் பாகத்தைச் சர்க்கார் ஆயுதசாலையில் காய்ச்சி அடித்த தொழிலாளிகள், சூடு பதமாயிற்றா என்பதைக் கண்ணால் நிறம் பார்த்தே நிர்ணயித்தார்கள். 1917இல் சில ரைபிள்கள் சுட்டவர் கையிலேயே சிதறிய பிறகு கருவி வைத்து அளந்தபோதுதான், மேகமூட்டமான நாளைக் காட்டிலும் வெயில் நாளில் அந்த அனுபவசாலிக் கண்கள் 300 பாரன்ஹீட் டிகிரி வரை அதிகமாகக் காய்ச்சியது தெரியவந்தது. ஆகவே, சுடுகிறவன் கண் பிழைப்பது, என்றோ ஒரு காலையில் அந்த ஆயுதசாலை இருந்த மாசச்சூசெட்ஸில் வெயில் அடித்ததா, மேகம் கவிந்ததா என்பதைப் பொறுத்தது!

ஆயுதசாலையில் சோதிக்கவில்லையா என்பீர்கள். வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவை இட்டுச் சோதித்தார்கள். அதில் தேறியவைதான் பிற்பாடு சாதாரணத் தோட்டாவுக்கே சிதறின. 1918இல் பக்குவப்படுத்தும் முறையை மாற்றினார்கள். அதற்கு முந்தைய, 8,00,000க்குக் குறைந்த எண்ணுள்ள ஸ்பிரிங்பீல்டுகளையும், ராக் ஐலண்டு ஆயுதசாலையில் செய்த அதே ரைபிள்களில் 2,85,507க்குக் குறைந்த எண்ணுள்ளவற்றையும் சுடாதீர்கள் என்று, பழைய ராணுவ ரைபிள்களை விற்கும் அந்நாட்டுச் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராமே எச்சரிக்கிறது. விற்கிறவன் வேண்டாம் என்கிறான். வாங்குகிறவனோ வெயிலில் வெந்த எஃகுக்கு எண்ணெய் பூசுகிறான்.

இந்த மயக்கம் துப்பாக்கியோடு நின்றால் பாதகமில்லை. ராணுவத் தரம் என்று எழுதிவிட்டால் கைப்பேசி உறைக்கும் இரட்டை விலை கொடுக்கிறோம். அந்தக் காலத்து இரும்பு என்றால் துருவையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மிலிட்டரி ஓட்டல் என்ற பலகையை நம்பிப் போன என் வயிறு பட்ட பாட்டை இங்கே விஸ்தரிக்கப்போவதில்லை. பட்டாளத்து உபரி என்றால், பட்டாளம் தனக்கு வேண்டாமென்று கழித்தது என்று பொருள். கழித்ததை வாங்குகிறவர்களே, முதலில் எண்ணைப் பாருங்கள். பிறகு குழலில் அடைப்பு உண்டா, போல்ட் அந்தத் துப்பாக்கிக்கே உரியதா, தோட்டா அமரும் இடைவெளி அளவாக இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் கேட்டு அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி வேலை.

அண்டை வீட்டுக்காரர் எண்ணெய் துடைத்து முடித்த பின் எட்டிப் பார்த்தேன். ஸ்பிரிங்பீல்டு என்ற பெயரின் கீழே ஆறு இலக்க எண். முதல் இலக்கம் ஐந்து.