அலாவுதீன் விளக்கு எரிஞ்சா அலட்சியம் வேண்டாம்.. காரின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயிலை நீங்களே பார்ப்பது எப்படி?

தொடர் விடுமுறை வந்தாலே பெருங்களத்தூரில் இருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை ஜிஎஸ்டி சாலையில் கார்கள் ஊர்ந்து செல்வது வழக்கம். அந்த வரிசையில் ஒன்றிரண்டு கார்களாவது பானட்டைத் திறந்தபடி ஓரமாக நிற்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?" என்பதுதான் பெரும்பாலும் ஓட்டுநரின் கேள்வி. ஆனால் இதுபோன்ற கோளாறுகளில் பல ஒரே நாளில் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த ஆயிலோ, கூலன்ட்டோதான் காரணமாக இருக்கும்.

அம்பாசடர் காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர், ஆயில் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் டிரைவர்கள் வண்டியையே எடுப்பார்கள். இப்போது பல கார்களுக்கு 10 ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டுக்கு ஒரு சர்வீஸ் போதும் என்பதால், இடையில் யாரும் பானட்டைத் திறப்பதில்லை. "ஏதாவது பிரச்னைன்னா லைட் எரியும்ல?" என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை எவ்வளவு சரி?

சிவப்பு வேறு.. மஞ்சள் வேறு!

டேஷ்போர்டு விளக்குகளுக்கு டிராஃபிக் சிக்னல் போலவே அர்த்தம் உண்டு. மஞ்சள் எரிந்தால், விரைவில் கவனிக்க வேண்டும். சிவப்பு எரிந்தால், பாதுகாப்பான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். "இன்னும் 10 கிலோமீட்டர்தான், வீட்டுக்குப் போயிடலாம்" என்ற கணக்கு சிவப்பு விளக்குக்குப் பொருந்தாது.

சாவியை ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சில விநாடிகள் எரியும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கு அணைந்துவிட வேண்டும். ஆரம்பத்திலேயே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் அதில் கோளாறு இருக்கலாம். பழைய கார் வாங்குபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

ஆயில் விளக்கு சொல்வது என்ன?

அலாவுதீன் விளக்கு போல இருக்கும் சிவப்பு விளக்கை, ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான கார்களில் அது காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. ஆயில் பல மாதங்களாகக் குறைந்துகொண்டே வந்தாலும் அது எரியாது. பம்ப் உறிஞ்சுவதற்கே ஆயில் போதாமல், அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். அதற்கு மேல் ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் உரசி, சில நிமிடங்களிலேயே இன்ஜின் ஜாம் ஆகிவிடலாம்.

அளவை அறிய டிப்ஸ்டிக்தான் வழி. காரைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுவதுமாகச் செருகி எடுத்துப் பாருங்கள். குறைந்தபட்ச, அதிகபட்சக் கோடுகளுக்கு நடுவே ஆயில் இருந்தால் சரி. குறைந்திருந்தால், மேனுவலில் சொல்லியிருக்கும் கிரேடு ஆயிலையே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அதிகமாக ஊற்றினாலும் ஆயில் நுரைத்து இன்ஜினுக்குக் கெடுதல்தான். ஆயில் பால் கலந்த காபி போலத் தெரிந்தால் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

சூடான மூடியைத் திறக்கவே கூடாது

பல சின்ன கார்களில் இப்போது வெப்பநிலை முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ச்சியாக இருந்தால் நீல விளக்கு, அதிகம் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் மெல்ல ஏறுவதைப் பார்த்து உஷாராகும் வாய்ப்பு இதில் இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. கூலன்ட் மொத்தமும் ஒழுகிவிட்டால், சென்சார் கூலன்ட்டில் மூழ்காமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது இன்ஜின் கொதித்தாலும் டேஷ்போர்டு அதைச் சரியாகக் காட்டாமல் போகலாம்.

கூலன்ட் அளவைப் பார்க்க மூடியைத் திறக்கத் தேவையே இல்லை. வெளிர் நிற பிளாஸ்டிக் டப்பாவின் வெளியிலேயே இரண்டு கோடுகள் இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, கூலன்ட் அவற்றுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஓடும்போது கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காது. மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எனவே சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டுக் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடவும் வாய்ப்புண்டு.

பிரேக் ஆயில்: ஊற்றி நிரப்பினால் போதுமா?

சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி எரிந்தால், முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். இறங்கியிருந்தும் எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம்.

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். பிரேக் பேட் தேயத் தேய, டப்பாவில் ஆயில் மட்டம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அதாவது, மட்டம் இறங்குவதே பேட் தேய்ந்துவிட்டது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். ஆயிலை மட்டும் நிரப்பி விளக்கை அணைத்துவிட்டால், அந்த எச்சரிக்கையையும் சேர்த்து அணைத்ததாகிவிடும். வேகமாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்தக் காரை ஓட்டக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. உதாரணமாக, டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் சேர்ந்த நிலைக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், பழைய ஆயில் கொதித்துக் குமிழி விடும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் மட்டம் சரியாக இருந்தாலும், பல கார்களுக்கு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கிறார்கள்.

டீசல் காரா? எலெக்ட்ரிக் காரா?

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 விதிகள் அமலான பிறகு வந்த பல டீசல் கார்களில் டிஇஎஃப் எனப்படும் யூரியா கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு. அது குறைந்தால், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று டேஷ்போர்டு காட்டும். அலட்சியப்படுத்தி டேங்க் காலியானால், வண்டியை நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தவறி டீசல் டேங்கில் அதை ஊற்றிவிட்டால், சாவியைக்கூடத் திருப்பாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் காருக்கு இன்ஜின் ஆயில் இல்லை. ஆனால் பிரேக் ஆயில் உண்டு, பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் உண்டு. அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

"இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இயந்திரக் கோளாறும், அதன் தொடர்ச்சியாக வரும் சேதமும் அடங்காது. இன்ஜினுக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியது தெரிந்தால் க்ளெய்ம் சிக்கலாகலாம். ஒரு பாட்டில் கூலன்ட்டின் செலவு சில நூறு ரூபாய். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் பில் பல ஆயிரங்களைத் தாண்டும்.

மாதம் ஒருமுறை, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 5 நிமிடம் போதும். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்துவிட்டு, கார் நின்ற இடத்தில் தரையில் கறை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர் காய்ந்துவிடும். காயாமல் பிசுபிசுப்பாகக் கறை இருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.